ஜன்னலோரமா, ஸ்டுடியோவா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நாச்சியார்கோவில். காவிரி வண்டலில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, கடைசல் பிடித்துக் குத்துவிளக்கு செய்கிற ஊர். அங்கே ஒரு பட்டறையின் முன்கூடம். இரண்டடி விளக்கொன்று புளி போட்டுத் தேய்க்கப்பட்டு, ஈரம் போகத் துடைக்கப்பட்டு, மேசைமேல் நிற்கிறது. பட்டறைக்காரரின் மகன் செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறார். திரையில் விளக்கோடு சேர்ந்து அந்த அறையே வந்து விழுகிறது. தண்டில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக ஓடுகிறது. குமிழில் ஜன்னல் கம்பிகள் வளைந்து நிற்கின்றன. அடித்தட்டின் விளிம்பில் அவருடைய நீலச் சட்டையும், அதன் நடுவே கரும்புள்ளியாகச் செல்போனும் தெரிகின்றன. தள்ளி நின்று எடுத்தாலும் அப்படித்தான், குனிந்து எடுத்தாலும் அப்படித்தான்.

சலித்துப்போய், அதே மேசையில் வீட்டில் கிடந்த பனையோலைப் பெட்டி ஒன்றை வைத்துத் தட்டுகிறார். முதல் படமே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்துவிடுகிறது. ஓலையின் நரம்பு, பின்னலின் மேடு பள்ளம், சாயம் ஏற்றிய கீற்றின் சிவப்பு எல்லாம் தெளிவு.

எடுத்த கை ஒன்றுதான், கேமராவும் வெளிச்சமும் கூட ஒன்றுதான். பொருள் மட்டும்தான் மாறியது.

இணையத்திலும் வாட்ஸாப்பிலும் விற்கத் தொடங்கிய சிறு வியாபாரிகள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் கேள்வி இது: பொருளை நாமே படம் எடுப்பதா, தொழில்முறைப் படக்காரரைக் கூப்பிடுவதா? பேச்சு பெரும்பாலும் பணத்தில் தொடங்கி, எந்தக் கேமரா, எத்தனை மெகாபிக்சல் என்று போய் முடியும். விற்கும் பொருளின் மேற்பரப்பு ஒளியை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

ஓலைப் பெட்டியின் பரப்பு, கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணளவில் கரடுமுரடானது. அதில் விழும் ஒளி உள்ளே கொஞ்சம் புகுந்து, நார்களுக்கிடையே சிதறி, எல்லாத் திசையிலும் வெளியேறுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே பிரகாசம், ஒரே நிறம். பித்தளையின் கதை வேறு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். நன்றாக மெருகேற்றிய உலோகத்தின் மேடுபள்ளங்கள் அதைவிடச் சிறியவை. அதனால் ஒளி சிதறாமல், விழுந்த கோணத்திலேயே மறுபக்கம் திரும்பிப் போகிறது. கண்ணாடியில் நடப்பதும் இதேதான். பித்தளை விளக்கைப் படம் எடுப்பவர் உண்மையில் எடுப்பது, அந்த விளக்குக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான்.

தட்டையான கண்ணாடி என்றால் கொஞ்சம் சாய்த்துத் தப்பிக்கலாம். குத்துவிளக்கின் தண்டு உருளை, குமிழ் கோளம். குவிந்த ஆடி போல அவை முன்பக்கத்து அறை முழுவதையும் சுருக்கித் தம்மேல் வரைந்துகொள்கின்றன. எந்தெந்தக் கோணத்திலிருந்து வரும் ஒளி கேமராவுக்குள் நேராகப் பாயும் என்பதைப் படக்காரர்கள் ‘கோணங்களின் குடும்பம்’ என்று சொல்வார்கள். ஹன்டர், பைவர், ஃபுக்கா மூவரும் எழுதிய ‘லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்’ என்ற பாடநூல் இந்த ஒரு கருத்தை வைத்தே உலோகம், கண்ணாடி ஆகியவற்றைப் படம் எடுக்கும் கலையை விளக்குகிறது. ஓலைப் பெட்டிக்கு அந்தக் குடும்பம் எங்கிருந்தாலும் கவலையில்லை. விளக்குக்கோ அது ஏறக்குறைய அறை முழுவதும்.

அப்படியானால் வழி? அறையையே வெள்ளையாக்கிவிட வேண்டும். விளக்கைச் சுற்றி, அதைவிடப் பெரிய வெள்ளைத் துணித்திரைகளை நிறுத்தி, ஒளியை அவற்றின் வெளியிலிருந்து பாய்ச்சுவார்கள். விளக்கு இப்போது வெண்மையை மட்டுமே பார்க்கிறது. ஆனால் வெறும் வெண்மையில் பித்தளை உயிரில்லாமல், தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது போலாகிவிடும். அதனால் இருபுறமும் கறுப்பு அட்டைக் கீற்றுகளை நிறுத்துவார்கள். அந்தக் கறுப்பு தண்டின் ஓரங்களில் மெல்லிய கருங்கோடாகப் பிரதிபலித்து, உருண்டையை உருண்டையாகக் காட்டும். விளம்பரங்களில் வரும் வெள்ளிக் குத்துவிளக்கையோ எவர்சில்வர் குக்கரையோ உற்றுப் பாருங்கள், அந்தக் கருங்கோடு இருக்கும். அதை அங்கே வைப்பதற்குத்தான் படக்காரருக்குக் கூலி.

பித்தளைக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணாடி, பிளாஸ்டிக், வார்னிஷ் ஆகியவற்றின் பளபளப்பு, விழும் ஒளியின் நிறத்திலேயே இருக்கும். வெள்ளை விளக்கு விழுந்தால் வெள்ளைப் பளபளப்பு. பித்தளையும் தங்கமும் தாமிரமும் நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிட்டு மீதியைத் திருப்புவதால், அவற்றின் பிரதிபலிப்பே மஞ்சளாகவோ சிவந்தோ வருகிறது. டியூப்லைட்டின் கோடு அளவுக்கு மீறிப் பிரகாசித்து வெளுத்துப்போனால் அந்த மஞ்சள் காணாமல் போகும். பித்தளை பித்தளையாகத் தெரியாது. போலராய்டு வடிகட்டியை மாட்டினால் பளபளப்பு போய்விடும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. சுமார் 56 டிகிரிக் கோணத்தில் கண்ணாடியின் பிரதிபலிப்பை அது நன்றாகவே வெட்டும். உலோகத்தின் பிரதிபலிப்பு அப்படி ஒரே தளத்தில் அதிர்வதில்லை என்பதால், கேமராவில் மட்டும் மாட்டிய வடிகட்டி பித்தளையிடம் செல்லுபடியாகாது.

சின்ன உலோகப் பொருளுக்கு வீட்டு வைத்தியம் உண்டு. பால்வெள்ளை நிறத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, மோதிரத்தின் மேல் கவிழ்த்து, வெளியிலிருந்து வெளிச்சம் கொடுத்து, மேல் ஓட்டை வழியாக எடுத்தால் ஓரளவு அழகாக வரும். இரண்டடி விளக்குக்கு அத்தனை பெரிய டப்பா கிடையாது.

இனி ஜன்னலோரத்துக்கு வரலாம். மணப்பாறை முறுக்கு, பத்தமடைப் பாய், கைத்தறித் துண்டு, மண்சட்டி, மரப் பொம்மை, பனையோலைப் பெட்டி — ஒளியைச் சிதறடிக்கும் பொருள்களுக்கு ஒரு ஜன்னல், ஒரு தெர்மாகோல் பலகை, ஒரு வெள்ளைச் சார்ட் அட்டை போதும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இயற்பியலே அப்படித்தான் இருக்கிறது.

நிழல் கூர்மையாக விழுகிறதா, மென்மையாக விழுகிறதா என்பதை முடிவுசெய்வது, பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கையில் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே. சூரியன் பிரம்மாண்டமானது, ஆனால் நம் வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். அதனால் வெயிலின் நிழல் கத்தி வெட்டியது போல இருக்கும். செல்போனின் ஃப்ளாஷ் ஒரு பொட்டளவு. அதன் நிழலும் கடுமையாகவே விழும். மூன்றடி ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி வைத்த முறுக்குக்கோ, வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து வருவது மாதிரி. நிழலின் ஓரம் கரைந்துவிடும். ஸ்டுடியோவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் சாஃப்ட்பாக்ஸ் செய்வதும், சின்ன விளக்கைப் பெரிய ஜன்னலாக்குவதைத்தான்.

ஜன்னல் முறுக்குக்குப் பின்னாலோ முன்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தாழ்ந்து வரும் பக்கவெளிச்சத்தில் முறுக்கின் ஒவ்வொரு முள்ளும் தன் சிறு நிழலைப் போட, மொறுமொறுப்பு கண்ணுக்குத் தெரியும். நேர் எதிரிலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் அந்த நிழல்கள் அத்தனையும் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, முறுக்கு தட்டையான பழுப்பு வட்டமாகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தினால் இருட்டுப் பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். தெர்மாகோலை ஒரு சாண் முன்னே தள்ளி, பின்னே இழுத்துப் பாருங்கள். நிழல் ஏறுவதும் இறங்குவதும் திரையிலேயே தெரியும்.

வெளிநாட்டுப் புகைப்பட நூல்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைச் சிபாரிசு செய்கின்றன. லண்டனிலும் நியூயார்க்கிலும் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே இருப்பதால், வடக்கு ஜன்னலில் மதிய வெயில் நேராக விழாது, வானத்தின் பரவிய ஒளி மட்டுமே வரும். தமிழ்நாட்டில் இது அப்படியே பொருந்தாது. கும்பகோணம் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை அங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலையில் அது உதிப்பதும் கிழக்குக்குச் சற்று வடக்கே. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். நம் ஊருக்கு ஏற்ற ஏற்பாடு எளியது: ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிடுவது. நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம், வெளிச்சத்தில் நீலச் சாயை ஏறிவிடும்.

அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். இதைச் செய்யாததால் கெட்டுப்போகும் படங்கள் கணக்கில்லாதவை. மஞ்சள் குண்டு பல்பின் நிறவெப்பநிலை சுமார் 2,700 கெல்வின், நண்பகல் வெயில் சுமார் 5,500, வீடுகளில் எரியும் வெண்ணிற எல்.இ.டி. பெரும்பாலும் 6,500. ஒரே வகை வெளிச்சம் என்றால் அது மஞ்சளோ நீலமோ, கேமராவின் வெண்சமன் (ஒயிட் பேலன்ஸ்) அதைச் சரிசெய்துவிடும். இடப்பக்கம் ஜன்னல், மேலே மஞ்சள் பல்பு என்று இரண்டு கலந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடும். தட்டின் ஒரு பாதி நீலம், மறு பாதி மஞ்சள் என்று நிற்கும். போதாக்குறைக்கு, நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் மலிவு எல்.இ.டி.கள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. செல்போனின் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், அந்தத் துடிப்பு குறுக்குப் பட்டைகளாகப் பதியும்.

இன்னும் இரண்டு தவறுகள் வீட்டுப் படங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒன்று, வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருவது. கேமராவின் ஒளிமானி, பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சார்ட்டைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். திரையில் பொருளின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் வெள்ளை வெள்ளையாகும். அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்தின் பின்னணி முழு வெள்ளையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்ற அளவில் இருக்க வேண்டும் என்றும், பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும் என்றும் விதி வைத்திருக்கின்றன. அந்த விரல் இழுப்புதான் அதற்கு முதல் படி.

இரண்டாவது, மிக அருகில் போய் எடுப்பது. பத்து செ.மீ. ஆழமுள்ள ஊறுகாய் ஜாடியை 20 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் அதன் முன்பக்கம் 20 செ.மீ., பின்பக்கம் 30 செ.மீ. தொலைவில் இருக்கும். முன்பக்கம் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிய, ஜாடி வயிறு பிதுங்கி நிற்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் அந்த விகிதம் 1.1 ஆகக் குறையும். ஜாடி ஜாடியாக இருக்கும். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக்கோண வகை. பலரும் அதைப் பொருளின் மூக்கில் இடிக்கிற மாதிரி வைப்பதால்தான் படம் கோணுகிறது. போர்ட்ரெய்ட் வசதியைப் போட்டுப் பின்னணியை மங்கலாக்குவதும் வேண்டாம். எது பொருள், எது பின்னணி என்று மென்பொருள் ஊகிக்கிறது. முறுக்கின் முள்ளையும் தூக்கு விளக்கின் சங்கிலியையும் அது பல நேரம் தின்றுவிடும்.

செல்போன் சென்சார் சின்னது என்ற குறை உண்மைதான். முழுச்சட்டகக் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், 864 சதுர மி.மீ. நல்ல செல்போன்கள் பலவற்றின் முதன்மைச் சென்சார்கூட அதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுதான் வரும். இருட்டில் இந்த வித்தியாசம் கொல்லும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்த 12 மெகாபிக்சல் படத்தில், அகலத்தில் 4,000 புள்ளிகள் இருக்கின்றன. விற்பனைத் தளம் காட்டுவது அதில் பாதியோ அதற்கும் குறைவோ. முறுக்கு விற்க யாரும் கேமரா வாங்கக் கடன் எடுக்க வேண்டாம்.

பட்டுப் புடவைக்கு வந்தால் விஷயம் சிக்கலாகிறது. தமிழ்நாட்டு ஜவுளிக் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. புடவையை எடுத்து மடியில் போட்டுப் பார்த்த பெண்மணி, “இருங்க தம்பி, வெளிச்சத்துல ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன்” என்று வாசல்வரை எடுத்துக்கொண்டு போவார். கடைக்காரரும் தடுக்க மாட்டார். அந்த நடை அத்தனையும் ஒளியியல். இரண்டு துணிகள் கடை விளக்கில் ஒரே நிறமாகவும் வெயிலில் வேறு வேறாகவும் தெரிவது சாதாரணம், ஏனென்றால் விளக்கில் இல்லாத அலைநீளத்தைத் துணியால் திருப்பித் தர முடியாது.

விளக்கு நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சூரிய ஒளிக்கும் குண்டு பல்புக்கும் அது 100. வீட்டு எல்.இ.டி. பல்புகளில் பெரும்பாலானவை 80ஐ ஒட்டியவை. ஆனால் அந்த எண், எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை, ‘ஆர்9’ என்று தனியாகக் குறிக்கப்படுகிறது. மலிவு எல்.இ.டி. சறுக்கி விழுவது சரியாக அங்கேதான். அரக்கும் குங்குமச் சிவப்பும் மருதாணிச் சிவப்பும் கல்யாணப் புடவையின் உயிர். அந்த விளக்கில் அவை பழுப்பேறி, பழசு மாதிரி ஆகிவிடுகின்றன. படத்துக்கென்று விளக்கு வாங்குபவர் வாட்டை விட்டுவிட்டு, சி.ஆர்.ஐ. 95க்கு மேல் இருக்கிறதா, ஆர்9 எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

கேமராவின் ஒரு படம் நிறத்தை எவ்வளவு தூரம் குழப்பும் என்பதற்கு உலகமே சாட்சி சொன்ன ஓர் உதாரணம் உண்டு. 2015 பிப்ரவரியில், பிரிட்டனில் ஒரு கல்யாணத்துக்காகக் கடையில் பார்த்த உடுப்பைச் செல்போனில் எடுத்து அனுப்பிய படம் இணையத்தில் பரவியது. சிலருக்கு அது நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். வீட்டுக்கு வீடு சண்டை. உடுப்பு உண்மையில் நீலமும் கறுப்பும்தான். படம் வெளுத்துப்போய், எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்ற தடயமே இல்லாமல் இருந்தது. மனித மூளை நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தின் சாயையைக் கழித்துவிடும். நிழல் என்று ஊகித்த மூளை நீலத்தைக் கழித்து வெள்ளையைக் கண்டது, மஞ்சள் விளக்கு என்று ஊகித்த மூளை மஞ்சளைக் கழித்து நீலத்தைக் கண்டது. அந்த ஒரு படத்தை வைத்துப் பார்வை அறிவியலாளர்கள் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள்.

காஞ்சிப் பட்டு வாங்குபவர்கள் நிறத்தில் எவ்வளவு கறார் என்பதற்கு, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஒரு நீலமே வழங்குவது போதும். அப்படிப்பட்டவரிடம் ‘படத்தில் ஒன்று, பெட்டியில் வேறொன்று’ என்று ஆனால் புடவை திரும்பி வரும், உறவும் போகும். தொழில்முறைப் படக்காரர் இதற்காகவே ஒரு 24 கட்ட நிற அட்டையைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்து முதல் படத்தை எடுக்கிறார். 1976 முதல் புழக்கத்தில் இருக்கும் அட்டை அது. அதன் ஒவ்வொரு கட்டமும் என்ன எண்ணில் வர வேண்டும் என்பது முன்பே தெரியும் என்பதால், மீதிப் படங்கள் எல்லாவற்றையும் அந்த அளவுக்குத் திருத்திவிடலாம். வீட்டிலும் ஒரு சாம்பல் அட்டை வைத்து இதில் பாதி தூரம் போகலாம்.

ஆனால் காஞ்சிப் பட்டின் முழு அழகு எந்த ஒரு படத்திலும் அடங்காது. பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம், அதனால்தான் அந்த மினுமினுப்பு. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த மயில்கழுத்து நிறப் புடவை, ஒரு பக்கம் சாய்த்தால் பச்சை, மறுபக்கம் சாய்த்தால் ஊதா. ஜரிகை உலோகம், பித்தளை விளக்கின் குணம் அதற்கும் உண்டு. பல திரைகள் 1996இல் வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற எல்லைக்குள் இயங்குகின்றன. அடர்ந்த மயில்பச்சையில் ஒரு பகுதி அந்த எல்லைக்கே வெளியே. எத்தனை லட்ச ரூபாய்க் கேமராவும் வாங்குபவரின் செல்போன் திரையை மாற்ற முடியாது.

இங்கேதான் வீட்டுப் படம் ஸ்டுடியோவை வெல்கிறது. வாசல் வெளிச்சத்தில் முந்தானையைக் கையில் எடுத்து மெல்ல அசைத்து, மடித்து, விரித்துக் காட்டும் பதினைந்து நொடி வீடியோ, நிறம் மாறுவதையும் ஜரிகை மின்னி அடங்குவதையும் அப்படியே சொல்லிவிடும். வாட்ஸாப்பில் புடவை விற்கும் பெண்கள் பலர் யாரிடமும் பாடம் கேட்காமல் இதைத்தான் செய்கிறார்கள். ஒளியியல் அவர்கள் பக்கம் இருக்கிறது. கூடவே அளவையும் அந்தக் கை சொல்லிவிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் விளக்கு ஒரு சாணா, இரண்டு முழமா என்று எந்த ஸ்டுடியோ படமும் தானாகச் சொல்லாது. கையில் பிடித்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

செக்கு எண்ணெய்ப் பாட்டிலுக்கு விதி தலைகீழ். முன்னாலிருந்து வெளிச்சம் போட்டால் எண்ணெய் கறுத்துப்போகும், கண்ணாடியில் ஜன்னல் மட்டும் தெரியும். பாட்டிலுக்குப் பின்னால், அதன் உருவத்துக்குள் மறைகிற அளவில் ஒரு வெள்ளை அட்டையை வெட்டி வைத்து, அதன்மேல் வெளிச்சம் விழச் செய்தால் நல்லெண்ணெய் தேன் போல ஒளிரும். அரை மணி நேர வேலை, வீட்டிலேயே ஆகும். நகைக்கடைச் சமாசாரம் மட்டும் கைவிட்டுப் போகும். மூக்குத்தியை நெருங்கி எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. தொழில்முறைப் படக்காரர் குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது முப்பது படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் கூர்மையான பகுதியையும் கோத்து ஒரே படமாக்குகிறார்.

மேற்பரப்பு பாதி விடை என்றால், மீதிப் பாதி ஒரு படம் எத்தனை விற்பனைக்கு உழைக்கும் என்பதில் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஆயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கைத்தறிப் புடவை ஒரு நிறத்தில், ஒரு கரையில் ஒன்றே ஒன்று. படமும் ஒரு முறைதான் விற்கும், ஆயிரம் ரூபாயும் அந்த ஒரு புடவையின் தலையில்தான். அதே ஆயிரத்துக்கு எடுத்த எண்ணெய்ப் பாட்டில் படம், லேபிள் மாறாமல் 2,000 பாட்டில் விற்றால், ஒரு பாட்டிலுக்கு 50 காசு. திருப்பூர் பனியன் துணி ஒளியைச் சிதறடிக்கும் சாதுவான துணிதான், ஜன்னலோரத்தில் அழகாக வரும். ஆனாலும் ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் போகும்போது ஸ்டுடியோ செலவு தூசு. அங்கே ஆள் தெரியாமல் உடுப்பு மட்டும் உடம்போடு நிற்பது போன்ற படத்தை, பொம்மைமேல் மாட்டி ஒன்றும் உள்கழுத்தைத் தனியாக ஒன்றும் எடுத்து ஒட்டித் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய சீரான கையும் நேரமும் கடைக்காரரிடம் இருக்காது.

நாச்சியார்கோவில் பட்டறைக்கு இதை வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவு. அச்சு மாறாத, வருடக்கணக்கில் விற்கும் அளவுகளுக்கு — அரையடி, ஓரடி, இரண்டடி, மூன்றடி — ஒரு நாள் படக்காரரைக் கூப்பிட்டு, ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கேட்டுச் செய்த தனி விளக்கு, பட்டறையில் உலோகம் ஊற்றும் காட்சி, கடைசல் பிடிக்கும் கை, பூஜையறையில் ஏற்றிய திரி எல்லாம் மகனின் செல்போனுக்கே உரியவை. கரி படிந்த கையும் வண்டல் மண்ணும் ஒளியைச் சிதறடிப்பவை. அவை எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காதவையும்கூட.

காசு கொடுத்து எடுத்த படம் தானாகவே உண்மையான படமாகிவிடாது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் கேம்பல் சூப் விளம்பரப் படங்களில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள். காய்கறித் துண்டுகள் மூழ்காமல் மேலே நின்றன, சூப் கெட்டியாகத் தெரிந்தது. அந்நாட்டின் வணிக ஆணையம் அதைப் பிடித்து, 1970இல் நிறுவனத்தை ஒப்பந்த உத்தரவுக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், தளத்தில் போடும் வர்ணனையும் படமும் பொருளின் தோற்றம், தன்மை, தரம் ஆகியவற்றோடு ஒத்துப்போகும் என்று விற்பவரிடம் உறுதிமொழி வாங்கச் சொல்கின்றன. படத்தைத் திருத்தும்போது தூசியை எடுக்கலாம், பின்னணியை வெளுக்கலாம். அரக்கை ஆரஞ்சாக்கவும், ஜரிகையைக் கனமாக்கவும் கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு தட்டலில் பின்னணியை மாற்றும்போது பொருளின் கரை வேலைப்பாட்டையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு படத்தையும் பொருளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

படக்காரரை அமர்த்துவோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்றும் உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாக இது நேரெதிர். அதனால், வெளிநாட்டு மாதிரியில் அச்சடித்த ஒப்பந்தத் தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். படத்தை எங்கெல்லாம், எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்பதையும், திருத்தாத மூலக் கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பொருளைக் கொடுத்து மாதிரிப் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். துணியையோ மரத்தையோ கொடுக்காதீர்கள், அதை நீங்களே ஜன்னலோரத்தில் எடுத்துவிடுவீர்கள். கடையில் இருப்பதிலேயே அதிகம் பளபளக்கும் ஒன்றைக் கொடுங்கள். வந்த படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பளபளப்புக்குள் படக்காரரின் முகமோ கேமராவோ தெரிகிறதா என்று பாருங்கள்.